ஊர்வாடை வீசும் பேச்சு

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் செல்லும் வண்டிக்காக நானும் என் தங்கை மகளும் காத்து நின்றோம். பிற நாட்களில் வாய் ஓயாத பெண் அவள். அன்று வாய் திறக்கவில்லை. மூன்று நாட்களுக்கு முன்னர்த் தொலைபேசி வழியே நடந்த ஒரு நேர்காணல் அவள் நாவைக் கட்டிப் போட்டிருந்தது.

செய்தி இதுதான். சென்னையிலிருந்து தெற்கே நீளும் பழைய மாமல்லபுரம் சாலையில், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று வயல்களும் உப்பளங்களும் இருந்த இடங்களில், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணினி நிறுவனங்கள் கண்ணாடி மாளிகைகளாக எழுந்துள்ளன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு இரவெல்லாம் விழித்திருந்து விடையளிக்கும் வேலையும் அங்கே உண்டு. அத்தகைய ஒரு வேலைக்கு இவள் விண்ணப்பித்திருந்தாள். பட்டப் படிப்பில் முதல் வகுப்பு. தந்தை இதய நோயால் வேலையை விட்டுவிட்டார். தம்பி இன்னும் பள்ளியில் படிக்கிறான். அவ்வேலை அக்குடும்பத்திற்கு எத்துணை இன்றியமையாதது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. பத்து நிமிட உரையாடலின் முடிவில் வந்த தீர்ப்பு: இலக்கணம் நன்று, சொல்வளம் நன்று, ஆயினும் 'தாய்மொழித் தாக்கம்' மிகுதி.

"தாய்மொழி என்ன தொற்றுநோயா, மாமா?" என்று அன்றிரவு கேட்டவள், அதன்பின் பேச்சையே குறைத்துக்கொண்டாள். ஆங்கிலத்தை மட்டுமன்று, தமிழையும். மறுநாள் குடும்பச் செபமாலையில் அவள் முறை வந்தபோது, தேவ இரகசியத்தைக் காதில் விழாத குரலில் முணுமுணுத்தாள். அதைக் கண்டுதான் என் தங்கை, "அண்ணா, இவளை எங்கேயாவது அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்" என்றாள். பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வாயடைத்துப் போன பெண்ணை எங்கே அழைத்துச் செல்வது? உலகத்தாரெல்லாம் வந்து, அவரவர் நாவில் வந்தபடி ஆங்கிலம் பேசித் திரியும் ஊர் நம் அருகிலேயே இருக்கிறதே என்று தோன்றிற்று.

செங்கல்பட்டும் சிங்கிள்புட்டும்

வண்டி வரத் தாமதமாயிற்று. நேரத்தைப் போக்க நான் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கினேன். செங்கழுநீர் மலர் நிறைந்த ஊராதலின் செங்கழுநீர்ப்பட்டு. அதுவே மருவிச் செங்கல்பட்டு ஆயிற்று என்பர். ஆங்கிலேயர் காதில் அது விழுந்த விதம் 'சிங்கிள்புட்'. விழுந்தபடியே எழுதினர், எழுதியபடியே மாவட்டத்திற்கும் பெயரிட்டனர். சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002-ஆம் ஆண்டில் பிரிந்த நம் மறைமாவட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் அந்தச் 'சிங்கிள்புட்' நிலைத்துவிட்டது. தெற்கே செல்லுங்கள்: சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர் வாயில் 'சத்ராஸ்' ஆயிற்று. வடக்கே கோவளம் 'கோவ்லாங்' ஆயிற்று. காஞ்சிபுரம் 'கஞ்சீவரம்', தரங்கம்பாடி 'டிராங்க்பார்', தூத்துக்குடி 'டூட்டிகோரின்'. இவற்றைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப ஆங்கிலத்தில் திருத்தி எழுத 2020 ஜூன் மாதத்தில் தமிழக அரசு ஓர் ஆணை வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்கள் அப்பட்டியலில் இருந்தன. எந்த எழுத்து எந்த ஒலியைத் தரும் என்பதில் பலரும் மாறுபடவே, சில நாட்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

நாம் மட்டும் பிறர் பெயரைப் பிழையறச் சொன்னோமா? சென்னையில் ஹாமில்டன் என்னும் வெள்ளையர் பெயரால் அமைந்த பாலம் ஒன்று இருந்தது. அப்பெயர் நம்மவர் நாவில் 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று என்றும், அதைக் கேட்ட ஆங்கிலேயர் அதனையே மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதிவிட்டனர் என்றும் சென்னை வரலாறு எழுதுவோர் கூறுவர். இதைச் சொன்னபோது அவள் உதட்டோரம் சிறிது நெளிந்தது. சிரிப்பென்று சொல்ல இயலாது. எனினும் அது எனக்குப் போதுமாயிருந்தது.

"இந்த மாவட்டம் ஆங்கிலம் கற்றது யாரிடம் தெரியுமா?" என்று கேட்டேன். இங்கிலாந்துக்காரர் அனைவரும் ஒரே ஆங்கிலம் பேசினர் என்றும், அதனையே நமக்குக் கற்பித்தனர் என்றும் நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை வேறு. 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்பார் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது அதுவே. அவர் ஸ்காட்லாந்துக்காரர். அக்கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லரும் ஸ்காட்லாந்துக்காரர். அவர்தம் சபையார் செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் பள்ளிகள் நடத்தினர். செங்கல்பட்டுப் பள்ளி தாங்கி நிற்கும் கொலம்பா என்னும் பெயரும், அயர்லாந்தில் பிறந்து 563-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக் கடலோரத் தீவு ஒன்றில் மடம் நிறுவிய புனிதருடையது.

கத்தோலிக்கராகிய நம் பங்கு என்ன? 1842-இல் அயர்லாந்திலிருந்து மரக்கலம் ஏறிச் சென்னைக்கு வந்த காணிக்கை மாதா சபைக் கன்னியர் இங்கே பெண்களுக்குப் பள்ளி நிறுவினர். 1875-இல் புனித பத்திரிசியார் சபைச் சகோதரர்கள் வந்தனர், அவர்களும் அயர்லாந்துக்காரர்களே. அக்காலத்துச் சென்னை ஆயர்களில் ஓகானர், ஃபென்னெல்லி போன்றோரும் அந்நாட்டவர். இலண்டன் மாநகரத்து மேன்மக்கள் 'கார்' என்னும் சொல்லின் இறுதியில் ரகரத்தை விழுங்குவர். ஸ்காட்லாந்துக்காரர் அந்த ரகரத்தை நாவில் உருட்டி ஒலிப்பர். 'திங்க்' என்னும் சொல்லின் முதல் ஒலியை இலண்டன்காரர் பற்களிடையே காற்றைச் சீறவிட்டுச் சொல்வர். அயர்லாந்தில் பலர் ஏறக்குறைய நம் தகரமாகவே ஒலிப்பர். அதை இலண்டன்காரர் கேட்டால் நகைப்பர். ஆகவே, அன்றைய நம் சிறுமியர் கேட்டுக் கற்ற ஆங்கிலமும் ஊர்வாடை வீசிய ஆங்கிலமே. அக்கன்னியர் தம் நாவைக் குறித்து நாணி வாய்மூடி இருந்திருந்தால், அப்பெண்களுக்குக் கல்வி யார் கொடுத்திருப்பார்?

பழமும் பயமும்

வண்டி வந்தது. கொளவாய் ஏரிக் காற்று பின்தங்கியது. வயல்களைக் கடந்து திருக்கழுக்குன்றத்தில் நின்றபோது, கூடையுடன் ஏறிய மூதாட்டி ஒருவரிடம் பக்கத்து இருக்கைப் பெண், "வாயப்பயம் சீப்பு எவ்ளோ ஆயா?" என்று விலை கேட்டாள்.

எனக்கு 1985-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. நெல்லைச் சீமையில் பிறந்து வளர்ந்த நான், ஆசிரியனாக இவ்வட்டாரத்திற்கு முதன்முதலில் வந்த ஆண்டு அது. பழத்தைப் 'பயம்' என்று சொல்லக் கேட்டு, அஞ்சுவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று மலைத்தேன். ஆனால், என் ஊரில் நாங்கள் அதனைப் 'பளம்' என்றல்லவா சொல்வோம்! என் வகுப்பு மாணவர்கள், நான் திரும்பி நின்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், என் குரலை அப்படியே இழுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். "சார் பாட்டுப் பாடுவதுபோலப் பேசுகிறார்" என்பது அவர்கள் கட்சி. பாடுவது அவர்கள்தாம் என்பது என் கட்சி. அவரவர் காதுக்கு அவரவர் பேச்சு மட்டும் இசையின்றி நேராகக் கேட்கிறது. பிறர் பேச்சே இராகம் போடுகிறது.

தொல்காப்பியர் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் வழக்கைக் குறிப்பிடுகிறார். அவை எவையென உரையாசிரியர்கள் பட்டியலிட்டனர். அதில் அருவா நாடு, அருவா வடதலை என வருவன இத்தொண்டை மண்டலத்துப் பகுதிகள் என்பர் அறிஞர். தென்பாண்டி நாடும் அதே பட்டியலில் இடம்பெறுகிறது. அதாவது, செங்கல்பட்டு மூதாட்டியும் கொடுந்தமிழ் பேசுவோர். அவரைக் கேட்டு நகைத்த நெல்லைத் தமிழாசிரியனும் கொடுந்தமிழ் பேசுவோன். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இதை நன்குணர்ந்தவர். செந்தமிழில் காப்பியம் பாடிய அப்பெரியார், மக்கள் வாயில் வழங்கும் கொடுந்தமிழுக்கெனத் தனியே ஓர் இலக்கணம் இலத்தீனில் எழுதினார். 1738-இல் தரங்கம்பாடியில் அது அச்சேறியது. மக்களோடு பேச வேண்டுமாயின் மக்கள் பேசும் வண்ணமே கேட்டுப் பழக வேண்டும் என்பது அம்முனிவர் கண்ட நெறி.

மாமல்லையில் கேட்டவை

மாமல்லபுரத்தைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டில் மாமல்லன் நரசிம்மவர்மன் காலத்தும், அதற்குப் பின்னும் பாறைகளில் மலர்ந்த கலை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயில். 1984-இல் உலக மரபுச் சின்னம் என்னும் பெருமை. உளியோசை இன்றும் ஓயவில்லை. 2017-இல் இவ்வூர்க் கற்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2022-இல் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது, 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் இங்கே கூடினர்.

ஐந்து இரதங்களுக்கு அருகே மாக்கல்லில் செதுக்கிய சிறு உருவங்கள் விற்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் பிரெஞ்சுக்காரர், செர்மானியர், அமெரிக்கர் என மூவகையினரிடமும் தயக்கமின்றிப் பேசி வாணிகம் செய்தார்.

"இங்கிலீஷ் எங்கே படித்தீர்கள்?" என்றேன்.

"படிக்கல சார், கேட்டேன்" என்றார்.

பிறகு அவரே ஒரு பாடம் நடத்தினார். தண்ணீர் கேட்கும்போதே நாடு தெரிந்துவிடுமாம். 'வாடர்' என்றால் அமெரிக்கா. டகரத்தை அழுத்தி, இறுதி ரகரத்தை விழுங்கினால் இங்கிலாந்து. 'டுடே' என்பதை 'டுடை' என்பது போலச் சொன்னால் ஆஸ்திரேலியா. நானும் எண்ணிப் பார்த்தேன். இரு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை டகரத்தை நாமும் மென்மையாகத்தானே ஒலிக்கிறோம்! 'பாட்டு' என்பதற்கும் 'பாடு' என்பதற்கும் உள்ள வேறுபாடே அதுதானே! அமெரிக்கர் நாவில் நிகழ்வதும் ஏறத்தாழ அதுவே. நமக்கு அது புதுமையன்று.

என் தங்கை மகள் முதன்முறையாக வாய் திறந்தாள். "அவர்கள் பேசுவது புரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?"

அவர் கையிலிருந்த சிறு யானையைத் துடைத்தபடி சொன்னார்: "இன்னொரு தபா சொல்லச் சொல்லுவேன். அவங்க பேசறது நமக்குப் புரியலைன்னா நாம வெக்கப்படறோம். நாம பேசறது அவங்களுக்குப் புரியலைன்னாலும் நாமதான் வெக்கப்படறோம். அது எப்படிம்மா ஞாயம்?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த யானையை விலைக்கு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த கடையில் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர், கனடாவிலிருந்து பேரனுடன் வந்தவர், வாங்கிய சிலையைக் கப்பலில் அனுப்ப முகவரி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் எழுதியதற்கு மேலே, தம் நினைவுக்காகத் தமிழிலும் ஊரை எழுதியிருந்தார்: 'ரொறன்ரோ'. அதைப் படிக்க முயன்று என் தங்கை மகள் தடுமாறினாள். மூதாட்டி சிரித்தார். "பிள்ளை, அது நீங்கள் டொராண்டோ எண்டு எழுதுற ஊர்தான். எங்கட காதுக்கு அது 'ட' இல்லை" என்றார்.

எத்துணைப் பெரிய உண்மை! நம் டகரத்திற்கு நாவை மேல்நோக்கி வளைக்கிறோம். ஆங்கிலேயர் தம் டகரத்திற்கு நாவை வளைப்பதில்லை. மேற்பல் ஈற்றில் நுனியைத் தொடுகின்றனர். பழந்தமிழில் அவ்விடத்தில் பிறந்த ஒலி றகரம். 'காற்று', 'வெற்றி' முதலிய சொற்களில் அப்பழைய ஒலிப்பை ஈழத்தமிழர் பலர் இன்றும் போற்றி வருகின்றனர். அதனால், ஆங்கில ஒலி அவர்கள் காதில் றகர, ரகரமாக விழுகிறது. நம் காதில் டகரமாக விழுகிறது. ஒலி ஒன்று, தமிழ் ஒன்று, காதுகள் இரண்டு. இதில் யார் கேட்டது பிழை? பேரனோ கனடாவில் பிறந்தவன். பாட்டி சொல்லும் இரண்டையும் விட்டு, அவ்வூரார் பலரைப் போல நடுவிலுள்ள டகரத்தையே விழுங்கி, மூன்றாவது ஒன்றைச் சொன்னான்!

'புஸ்' தேடிய பெரியவர்

கடற்கரைக் கோயிலுக்குச் செல்லும் வழியில் நிகழ்ந்ததே அன்றைய பயணத்தின் பயன். நரைத்த தலையினரான வெள்ளையர் ஒருவர், புதுச்சேரி செல்லும் 'புஸ்' எங்கே நிற்கும் என்று வழியில் நின்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரருக்குப் புரியவில்லை. அருகில் நின்ற அமெரிக்க இளைஞனுக்கும் புரியவில்லை. அவன் இருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னான். என் தங்கை மகள் மட்டும் சட்டென்று, "பஸ்ஸைக் கேட்கிறார், மாமா" என்றாள். பின், தன் ஆங்கிலத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை நிறுத்தத்திற்கு வழி சொன்னாள். அவருக்குத் தெளிவாகப் புரிந்தது.

அவர் வட இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் நகரத்தவர். அப்பகுதியினர் 'பஸ்' என்பதை ஏறக்குறையப் 'புஸ்' என்றே சொல்வர். நன்றி கூறிவிட்டு, "இலண்டனில்கூட என்னை இருமுறை கேட்பார்கள், நீ ஒருமுறையில் புரிந்துகொண்டாய்" என்று சொல்லிச் சிரித்துப் போனார். அவள் வெகுநேரம் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தின் சொந்த நாட்டிலேயே ஆங்கிலம் பேசிப் புரியாதவர் உண்டு என்பது அவளுக்குப் பெரும் செய்தி.

மணலில் அமர்ந்து நான் அவளுக்குச் சில செய்திகள் சொன்னேன். இரண்டாம் உலகப்போர்க் காலம். 1941-இல் பி.பி.சி. வானொலி, வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்பவரைச் செய்தி வாசிக்க அமர்த்தியது. லீட்சுக்கு அருகிலுள்ள ஹாலிஃபாக்ஸ் ஊரினர் அவர். பகைவர் எளிதில் போலிக்குரல் எழுப்ப இயலாது என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அவர் தம் ஊர்ப் பேச்சின் சாயலோடு வாசித்ததும் நேயர்களிடமிருந்து முறையீடுகள் எழுந்தன. அக்குரலில் கேட்டால் செய்தியையே நம்ப முடியவில்லை என்றனர் சிலர். செய்தி மாறவில்லை, நாடும் மாறவில்லை, குரலில் ஊர்வாடை வீசியது, அவ்வளவே.

1960-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் லாம்பர்ட் என்னும் உளவியலறிஞரும் அவர் துணைவரும் ஓர் ஆய்வு வெளியிட்டனர். இருமொழி வல்லார் சிலரை ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசிக்கச் செய்து பதிவு செய்தனர். கேட்போருக்கு இரண்டும் ஒருவர் குரலே என்பது தெரியாது. ஆங்கிலக் குரலினரே அறிவிலும் தோற்றத்திலும் சிறந்தவர் என்று பலரும் மதிப்பிட்டனர். பிரெஞ்சு மொழியினரே அங்ஙனம் கூறியதுதான் வியப்பு! 2010-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், அயல் சாயலோடு சொல்லப்பட்ட செய்திகளைக் கேட்போர் குறைவாக நம்பினர். கேட்பதில் ஏற்படும் சிறு சிரமத்தை மனம் பொய்யின் அடையாளமாகக் கொள்கிறது என்பது ஆய்வாளர் விளக்கம். ஆக, குறை பேசுபவர் நாவில் மட்டும் இல்லை. கேட்பவர் காதிலும் இருக்கிறது. ஆயினும் அதற்குரிய விலையைப் பேசுபவரே செலுத்துகிறார். இன்றோ, அழைப்பு மையங்களில் பேசும் இந்தியரின் குரலை அந்நொடியிலேயே அமெரிக்கச் சாயலுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கூட வந்துவிட்டது. காதைத் திருத்துவதைவிடக் குரலை மறைப்பது எளிதென்று வாணிக உலகம் முடிவு செய்துவிட்டது போலும்.

மறைநூலிலும் இது உண்டு. நீதித்தலைவர்கள் நூலில், யோர்தான் துறையில் கிலயாதியர் ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, 'ஷி' என வர வேண்டிய இடத்தில் 'சி' எனச் சொன்ன எப்ராயிம் மக்கள் நாற்பத்தீராயிரம் பேரைக் கொன்றனர் என்று காண்கிறோம். நம் சகரத்தை வைத்துக்கொண்டு நாம் அத்துறையைக் கடந்திருப்போமா? தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்த பேதுருவைக் காட்டிக் கொடுத்ததும் அவரது கலிலேயப் பேச்சே. கலிலேயர் தொண்டையொலிகளைக் குழப்பிப் பேசுவர் என்று யூதேயர் நகைத்தனர். கலிலேயன் ஒருவன் கடைவீதியில் ஒரு சொல்லைச் சொல்ல, நீ கேட்பது கழுதையா, திராட்சை மதுவா, கம்பளியா, ஆட்டுக்குட்டியா என்று பிறர் எள்ளியதாகத் தல்மூத் நூலில் ஒரு கதை உண்டு. அந்தக் கலிலேயர் நாவுகளின்மீதே பெந்தேகோஸ்து நாளில் நெருப்பு இறங்கியது. தூய ஆவியார் முதலில் அவர்களை உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லவில்லை. பேசுவோர் கலிலேயர் என்பதைக் கூட்டத்தார் அப்போதும் கண்டுகொண்டனர். ஆயினும் அவரவர் மொழியில் அவரவர் கேட்டனர்.

என் மீது விழுந்த கேள்வி

நான் நன்றாகப் பேசிவிட்டேன் என்ற நிறைவோடு கடலைப் பார்த்தேன். அப்போது அவள் மெல்லக் கேட்டாள்: "மாமா, நம் கோயிலில் குப்பத்துப் பையன் ஒருவனை வாசகம் படிக்க வேண்டாம் என்று நீங்கள் நிறுத்தினீர்களே, நினைவிருக்கிறதா?"

அலையோசை ஓங்கிக் கேட்டது. நினைவில்லாமல் எப்படிப் போகும்? பதினைந்து ஆண்டுகளுக்கு முன், எங்கள் பங்கில் வாசகர்களைப் பயிற்றும் பொறுப்பு என்னுடையது. கடலோரக் குப்பத்துச் சிறுவன் ஒருவன், பன்னிரண்டு வயது, ஞாயிறு திருப்பலியில் வாசகம் படித்தான். 'நிலைவாழ்வு' என்னும் சொல் அவன் நாவில் 'நிலைவாய்வு' என்று வந்தது. முன்வரிசையில் சிலர் வாய்விட்டுச் சிரித்தனர். திருப்பலி முடிந்ததும் நான் அவனை அழைத்து, "நாக்கு திருந்தட்டும், அதுவரை நீ படிக்க வேண்டாம்" என்றேன். சிரித்தவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இளமையில் 'வாள்வு' என்று சொல்லித் திரிந்த நாக்கல்லவா எனது! அச்சிறுவன் மீண்டும் வாசக மேடைக்கு வரவே இல்லை. அப்போது ஏழு வயதுக் குழந்தையாக என் அருகில் நின்றவள் இவள். இத்தனை ஆண்டுகளும் அவள் அதை மறக்கவில்லை.

தொலைபேசியில் இவளுக்குத் தீர்ப்புச் சொன்னவரும் நானும் வேறல்லர் என்பது அன்று மணலில் உட்கார்ந்தபோது எனக்கு விளங்கிற்று.

வீடு திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தெளிவு வேறு, சாயல் வேறு. பொருளை மாற்றும் ஒலிகளைப் பயின்றே தீர வேண்டும். அது கேட்பவருக்குச் செய்யும் மரியாதை. நம் எழுத்தில் பகரம் ஒன்றே. ஆங்கிலத்தில் அது மூன்று வேறு ஒலிகளாகப் பிரிந்து மூன்று வேறு சொற்களைத் தரும். 'எம்' என்பதை 'யெம்' என்பதும், 'ஒன்' என்பதை 'வொன்' என்பதும், சொல்லிறுதியில் 'பஸ்ஸு' என உகரம் சேர்ப்பதும் நம் நாவின் பழக்கங்கள். அவற்றுள் எது பொருளைக் குழப்புகிறதோ அதை மட்டும் திருத்துவது. எஞ்சியது செங்கல்பட்டின் காற்றென்று விட்டுவிடுவது. லீட்ஸ் பெரியவர் தம் 'புஸ்'ஸை விடவில்லையே! இப்போது அவள் நாள்தோறும் அரைமணி நேரம் அவ்வொலிகளைப் பயில்கிறாள். அடுத்த நேர்காணல் வரும் மாதம். வேலை கிடைக்குமா என்பதை நான் அறியேன். ஆனால், அன்றிரவே செபமாலையில் தன் பத்து மணியை அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்த மாக்கல் யானை அவள் படிக்கும் மேசையில் நிற்கிறது.

என் கடன் வேறிருந்தது. அடுத்த வாரம் அக்குப்பத்திற்குச் சென்றேன். அன்றைய சிறுவன் இன்று படகு ஒன்றின் உரிமையாளர். வலை சீர்செய்துகொண்டிருந்தவர் எழுந்து நின்றார். நான் செய்த பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். மறைக்கல்வி வகுப்பில் படிக்கும் அவருடைய அக்காள் மகளை வாசகம் படிக்க அனுப்ப வேண்டும் என்று கேட்டேன்.

"அவளுக்கும் என் நாக்குதான் சார்" என்றார்.

"எனக்கு மட்டும் என்ன, நெல்லை நாக்குத்தான்" என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

வாசகப் பெருமக்களே, உங்கள் இல்லத்திலும் பங்கிலும் இத்தகைய பிள்ளைகள் இருப்பார்கள். ஊரிலிருந்து வந்த மருமகளின் பேச்சையும், விடுதியில் சேர்ந்த மலைநாட்டுச் சிறுவனின் பேச்சையும் போலிசெய்து நாம் நகைக்கும் நகை, அவர்கள் நாவின்மீது வைக்கும் பூட்டு. பிள்ளைகளுக்குத் திருத்தமாகப் பேசக் கற்பியுங்கள். அத்துடன், பொறுமையாகக் கேட்கவும் கற்பியுங்கள். சென்ற ஞாயிறு அச்சிறுமி வாசகம் படித்தாள். 'வாழ்வு' எவ்வாறு வந்தது என்று கேட்கிறீர்களா? குப்பத்தில் வருவதுபோலவே வந்தது. எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.